கியூபப் புரட்சியால் உலகத்துக்கு மிச்சமானது என்ன?

'சே குவேரா படம் போட்ட டீ-சர்ட்டைத் தவிர, 1959 கியூபப் புரட்சியால் உலகத்துக்கு என்ன மிச்சம்?' என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், மருத்துவர்கள் என்பேன். ஆனால் அதை 1961-இலிருந்து சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு பள்ளிகளை முன்கூட்டியே மூடி, சுமார் ஒரு லட்சம் மாணவர்களைக் கிராமங்களுக்கு எழுத்தறிவிக்க அனுப்பினார்கள். பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு தூளிப் படுக்கை, பாடப்புத்தகம், நம் பெட்ரோமாக்ஸ் மாதிரி ஒரு விளக்கு. பகலில் வீட்டாரோடு வயல் வேலை, இருட்டினால் விளக்கடியில் பாடம். கடைசித் தேர்வு என்ன தெரியுமா? பிடல் காஸ்ட்ரோவுக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுதிய அந்தக் கடிதங்களை ஹவானாவில் ஓர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஒரே வருடத்தில் ஏழு லட்சம் பேர் படிக்கக் கற்றார்கள்.

சரி, மருத்துவத்துக்கு வருவோம். புரட்சிக்குப் பின் நாட்டிலிருந்த சுமார் 6,000 மருத்துவர்களில் பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள். அந்த நிலையிலும் 1963-இல் அல்ஜீரியாவுக்கு ஒரு மருத்துவக் குழுவை அனுப்பினார்கள். தனக்கே போதாதபோது கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அப்புறம் 1999-இல், கடற்படைப் பள்ளி இருந்த இடத்திலேயே லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளியைத் தொடங்கி, வெளிநாட்டு ஏழைப் பிள்ளைகளை இலவசமாகப் படிக்க வைத்தார்கள். அமெரிக்காவிலிருந்தே மாணவர்கள் வந்து படித்தார்கள்.

அங்கோலாவில் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் படையை எதிர்த்துக் கியூபர்கள் போரிட்டதையும் விட முடியாது. தென்னாப்பிரிக்காவின் பிடியிலிருந்த நமீபியா 1990-இல் விடுதலை பெற்றதில் அதற்குப் பங்குண்டு. மறு வருடம் மண்டேலா கியூபாவுக்கே போய் நன்றி சொன்னார்.

ஒரே கட்சி ஆட்சி, சிறைக்குப் போன எதிர்ப்பாளர்கள், நாட்டைவிட்டே கிளம்பிய லட்சக்கணக்கானோர், இவையும் அந்தப் புரட்சியின் மிச்சம்தான். வெளிநாடு போகும் மருத்துவர்களின் ஊதியத்தில் பெரும்பகுதியை அரசே எடுத்துக்கொள்கிறது. இதையெல்லாம் மறைத்துப் புகழ எனக்கு மனமில்லை. அதற்காக அந்த மருத்துவர்கள் செய்ததைக் குறைத்துப் பேசவும் முடியாது.

2014-இல் எபோலா பரவியபோது மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனவர்களில் ஃபெலிக்ஸ் பாயெஸ் ஒருவர். சியரா லியோனில் அவருக்கே எபோலா தொற்றியது. ஜெனீவாவில் சிகிச்சை பெற்றுப் பிழைத்தார். ஊருக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்தார். 2015 ஜனவரியில் மறுபடி சியரா லியோனுக்கே வேலைக்குத் திரும்பிவிட்டார்.