எந்தச் சரக்கை முதலில் இணையத்தில் ஏற்றுவது?

கும்பகோணத்தில் பாத்திரமும் ரெடிமேட் துணியும் சேர்த்து விற்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "எல்லா வியாபாரமும் ஆன்லைனுக்குப் போய்விட்டது என்கிறார்கள். துணியில் தொடங்கலாம் என்கிறான் மகன். ஜி.எஸ்.டி.யில் நாங்கள், சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருக்கிறோம். எதை முதலில் விற்பது?"

எல்லா வியாபாரமும் ஒரே வேகத்தில் போய்விடவில்லை. எது முன்னால் போனது, எது பின்தங்கியது, ஏன் என்று பார்த்தால் உங்கள் கடையிலேயே எது போகும், எது போகாது என்பது தெரிந்துவிடும்.

முதலில் போனது புத்தகம். அமேசான் 1995இலும், பெங்களூரில் ஃபிளிப்கார்ட் 2007இலும் புத்தகத்தைக் கொண்டே கடை திறந்தன. எந்தக் கடையில் வாங்கினாலும் அதே பதிப்பு அதே புத்தகம்தான் என்பதால் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, அனுப்பும் வழியில் எளிதில் உடையவும் உடையாது. அடுத்தது செல்போன். பெட்டி பிரிக்காத போன் எங்கும் ஒன்றே என்பதோடு, 2014இல் மோட்டோ ஜி, ஷாவ்மி போன்றவை கடைகளுக்கே வராமல் ஃபிளிப்கார்ட்டில் மட்டும் விற்பனைக்கு வந்ததால், வாங்குகிறவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. 2010இல் ஃபிளிப்கார்ட் கொண்டுவந்த 'பொருள் வந்தபின் பணம்' என்ற ஏற்பாடு அதற்குள் மக்களின் தயக்கத்தைப் பெருமளவு போக்கியிருந்தது.

துணி வேறு கதை. ஒரு கம்பெனியின் 'எம்' இன்னொரு கம்பெனியின் 'எல்' ஆக இருக்கும் நாட்டில், திருப்பித் தரலாம் என்ற வாக்குறுதி இல்லாமல் துணி இணையத்தில் விற்றிருக்காது. அந்த வாக்குறுதியின் செலவில் பெரும்பங்கு விற்பவர் தலையில்தான் விழுகிறது. இரண்டு அளவில் வரவழைத்து ஒன்றைத் திருப்புகிறவர்கள் உண்டு. திரும்பி வரும் சட்டையில் குண்டூசியும் காலர் அட்டையும் இருக்காது, மடிப்பும் போயிருக்கும். அதைப் புதுச்சரக்கு என்று மறுபடி விற்க முடியாது. பெரிய நிறுவனங்கள் தாங்கும் இந்த நட்டத்தை உங்களைப் போன்ற கடை தாங்காது என்பது என் கருத்து. உங்கள் மகனுக்கு ஆசை விடவில்லையென்றால், அளவுத் தொல்லை இல்லாத வேட்டி, துண்டு, சேலையில் தொடங்கட்டும்.

மளிகையை விட்டுவிடுங்கள். சில நிமிடங்களில் கொண்டுவந்து தரும் இப்போதைய போட்டி, ஊருக்குள்ளேயே கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு உரியது.

உங்களிடம் இருக்கும் நல்ல சரக்கு பாத்திரம்தான். அதிலும் எல்லாம் அல்ல. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து, அதில் வரும் கிலோவுக்கும் உண்மை எடைக்கும் எது கூடுதலோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். ஒன்றரைக் கிலோ எவர்சில்வர் குடத்தை 30, 30, 40 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் 7.2 கிலோவுக்குக் கணக்கு வரும். குடத்தின் லாபம் காற்றை அனுப்பும் கூலிக்கே போய்விடும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கோ மரை கழற்றிப் பாதம், தண்டு, தட்டு, அன்னம் எனப் பிரித்து அடக்கமாக அடுக்கக்கூடியது. புவிசார் குறியீடு பெற்ற பொருள். வெளியூர்க்காரர் பெயர் சொல்லித் தேடுவது. கடையில் தராசில் வைத்து அன்றைய பித்தளை விலையைச் சொல்லும் பழக்கம் இணையத்தில் நடக்காது என்பதால், உயரத்தையும் எடையையும் படத்தோடு தெளிவாக எழுதி, விலையை வாரம் ஒருமுறை திருத்துங்கள்.

இனி வரி. காம்போசிஷன் வியாபாரிகள் இணையச் சந்தைகள் வழியே பொருள் விற்க இருந்த தடை 2023 அக்டோபர் 1 முதல் நீங்கிவிட்டது. ஆனால் மாநிலத்துக்குள் மட்டுமே விற்கலாம். பெங்களூருக்கு ஒரு விளக்கை அனுப்பினாலும் அந்த முறையை விட்டு வழக்கமான ஜி.எஸ்.டி.க்கு மாற வேண்டும். மாறினால் ஒவ்வொரு பில்லிலும் வரி வசூலிக்க வேண்டியிருக்கும், கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியும். எனவே சில மாதங்கள் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றுப் பாருங்கள். அதற்குள் வெளிமாநில விசாரிப்பு எவ்வளவு வருகிறது என்று குறித்து வைத்து, அந்தக் கணக்கோடு உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள்.