காலை உணவுக்குச் சத்தான சாக்லேட் சிப் வாஃபிளை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். வாரத்தில் ஒரு நாளாவது எங்கள் வீட்டில் காலை உணவே அதுதான். நீங்கள் ‘சாக்லேட் சிப் வாஃபிள் செய்வது எப்படி’ என்று மட்டும் கேட்டிருந்தால் நான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டேன்; அதற்குச் செய்முறைகள் ஆயிரம் கிடைக்கும். ‘சத்தான’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் நான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைப் பாழாக்கினேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு கொழுந்தனார் ஒரு வாஃபிள் மேக்கரை, அதாவது கட்டம் போட்ட இரண்டு சூடான தட்டுகளுக்கு நடுவே மாவை வேகவைக்கும் கருவியை, கொண்டுவந்து கொடுத்தார். கடையில் ஒரு வாஃபிளுக்கு அழும் காசை மனதில் ஓட்டிப் பார்த்து நானும் மகிழ்ந்துபோனேன். மைதா கூடாது என்று கோதுமை மாவும் கேழ்வரகு மாவும் சரிபாதி எடுத்தேன். வெண்ணெய் கூடாது என்று ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெய். சர்க்கரை கூடாது என்று வெல்லப் பாகு. பால்கூட ஆடை நீக்கியதுதான். சாக்லேட் சில்லுகளை எண்ணி இருபது போட்டேன். ஐந்து நிமிடம் கழித்து மூடியைத் தூக்கினால், வாஃபிள் நடுவில் இரண்டாகப் பிளந்து, பாதி மேல் தட்டிலும் பாதி கீழ்த் தட்டிலும் ஒட்டிக்கொண்டு நின்றது. மகள் ஸ்பூன் காம்பால் சாக்லேட்டை மட்டும் நோண்டித் தின்றுவிட்டுப் போய்விட்டாள். அத்தை சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, “என்னம்மா இது, கட்டம் போட்ட தோசையா?” என்றார். சற்று நேரம் கழித்து, “தோசையாக இருந்தால் கல்லைவிட்டு எழுந்திருக்குமே” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு ஞாயிறுகளும் ஏறக்குறைய அதே கதைதான். பிறகுதான் புரிந்தது: நான் கை வைத்தது தவறான இடத்தில். வாஃபிளில் குறைக்க வேண்டியது சர்க்கரை. கொழுப்பைக் குறைத்தால் அது வாஃபிளாகவே வராது.

தோசைக்கு மாவில் எண்ணெய் வேண்டாம். சுற்றிலும் விட்டுக்கொள்கிறோம், திருப்பியால் எடுக்கிறோம். வாஃபிளுக்குத் திருப்பியை நுழைக்க வழியே இல்லை. மேலும் கீழும் பள்ளமும் மேடுமாக உலோகம் அதைக் கவ்விக்கொண்டிருக்கிறது. மாவுக்குள் இருக்கும் கொழுப்புதான் சூட்டில் வெளிப்பட்டு மேற்பரப்பை லேசாக வறுத்து, உலோகத்திலிருந்து விடுவிக்கிறது. அது இல்லையென்றால் நீங்கள் செய்வது ஓர் ஒட்டும் ரொட்டி. வெல்லப் பாகு இன்னும் மோசம்: ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, உள்ளே வேகும் முன்பே வெளியே கருகி, தட்டில் பசைபோல் பிடித்துக்கொள்ளும்.

இப்படி மாட்டிக்கொண்டது நான் ஒருத்தி மட்டுமல்ல. அமெரிக்காவில் ஒரிகன் பல்கலைக்கழகத்தின் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மன், 1971-இல், ஓட்டக்காரர்களுக்கு நல்ல பிடிமானம் உள்ள காலணி அடிப்பாகம் செய்யலாம் என்று மனைவியின் வாஃபிள் வார்ப்பில் யூரித்தேன் ரசாயனத்தை ஊற்றினார். ஒட்டாமலிருக்க எதையும் தடவ மறந்துவிட்டதால் மூடி திறக்கவே இல்லை. அவருக்கு அந்த யோசனையிலிருந்து நைக்கி நிறுவனத்தின் புகழ்பெற்ற காலணி கிடைத்தது. நமக்குக் காலை உணவுதான் போகும்.

எங்கள் வீட்டில் இப்போது நிலைத்துவிட்ட அளவைச் சொல்கிறேன். 240 மில்லி கப் கணக்கு. கோதுமை மாவு ஒன்றரைக் கப், மிக்சியில் பொடித்த ஓட்ஸ் அரைக் கப், அரிசி மாவு இரண்டு மேசைக்கரண்டி. பால் ஒரு கப், புளிக்காத தயிர் அரைக் கப், முட்டை இரண்டு. உருக்கிய வெண்ணெயும் எண்ணெயும் சேர்ந்து ஐந்து மேசைக்கரண்டி. நாட்டுச் சர்க்கரை ஒரே ஒரு மேசைக்கரண்டி. பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, ஆப்ப சோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. சாக்லேட் சில்லு 60 கிராம். இதில் எட்டுச் சதுர வாஃபிள்கள் வரும்.

ஐந்து மேசைக்கரண்டி கொழுப்பு என்றதும் பதற வேண்டாம். எட்டாகப் பிரித்தால் ஒன்றுக்கு இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. நெய் ரோஸ்ட் சாப்பிடும்போது யார் இந்தக் கணக்கைப் பார்க்கிறோம்? வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அதனால் வெண்ணெய் மட்டும் சேர்த்தால் மணம் நன்றாக இருக்கும், மொறுமொறுப்பு குறையும். எண்ணெய் மட்டும் என்றால் நேர்மாறு. அரிசி மாவும் மொறுமொறுப்புக்குத்தான். வெங்காயப் பக்கோடாவுக்கு ஏன் சேர்க்கிறோமோ அதே காரணம்.

இப்போது கோதுமை மாவு. இதில்தான் விஷயம் இருக்கிறது. வெளிநாட்டுச் செய்முறையில் ‘முழுக் கோதுமை மாவு’ என்று போட்டிருக்கும் அளவை அப்படியே எடுத்து நம் சப்பாத்தி மாவில் செய்தால், மாவு களிபோல் கெட்டியாகிவிடும். நம் ஊர் மாவு சக்கி எனும் கல் திரிகையில் அழுத்தத்தோடும் சூட்டோடும் அரைபடுவதால் அதிலுள்ள ஸ்டார்ச் துகள்கள் நிறைய உடைந்திருக்கும். உடைந்த துகள் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். சப்பாத்தி மிருதுவாக வருவதற்கு உதவுகிற அதே குணம் இங்கே தொந்தரவாகிறது. போதாக்குறைக்குத் தவிடு வேறு. அது தண்ணீரை இழுக்கும், ஆனால் நிதானமாக இழுக்கும். கலக்கிய உடனே சரியான பதமாகத் தெரிகிற மாவு, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் இறுகிப் போயிருக்கும். அவசரப்பட்டு உடனே ஊற்றினால் தவிடு ஊறாமல் நாக்கில் உமிபோல் நிரடும்.

ஆகவே, ஊறவிடுங்கள். இட்லிக்கு உளுந்து ஊறப்போடுகிற நமக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இருபது நிமிடமாவது வேண்டும். பள்ளி நாளாக இருந்தால், முந்தைய இரவே கோதுமை மாவு, ஓட்ஸ், அரிசி மாவு, உப்பு, பால், தயிர் ஆகியவற்றை மட்டும் கலந்து மூடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். காலையில் முட்டையை அடித்து ஊற்றி, கொழுப்பையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்துவிட்டு, கடைசியாகத்தான் பேக்கிங் பவுடரையும் ஆப்ப சோடாவையும் சலித்துத் தூவ வேண்டும். ஆப்ப சோடா தயிரின் புளிப்பைத் தொட்ட நொடியே நுரைக்கத் தொடங்கிவிடும். இரவே போட்டால் அந்த நுரை முழுவதும் விடிவதற்குள் அடங்கிப்போய், காலையில் தட்டைக்கல்தான் கிடைக்கும்.

கலக்கும்போது கை ஓங்கக் கூடாது. அடிக்க அடிக்க கோதுமையின் பசைத்தன்மை இழுவையாகி வாஃபிள் ரப்பராகும். சிறு கட்டிகள் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பதம் இட்லி மாவைவிடச் சற்று இளக்கமாக, தோசை மாவைவிடக் கெட்டியாக. கரண்டியிலிருந்து நாடாபோல் வழிந்து, விழுந்த இடத்தில் ஒரு கணம் மடிந்து நின்று பிறகு பரவ வேண்டும். கெட்டியாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி பால் விடுங்கள்.

சாக்லேட் சில்லு வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘காம்பவுண்ட்’ என்றோ, ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு என்றோ இருந்தால் அதை வைத்துவிட்டு, கோகோ பட்டர் (கோகோ விதையின் கொழுப்பு) என்று போட்டிருப்பதை எடுங்கள். சில்லே கிடைக்கவில்லையா? 50 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள கறுப்புச் சாக்லேட் கட்டியைக் கத்தியால் நறுக்கிக்கொள்ளலாம். இது மாற்று ஏற்பாடே அல்ல, இதுதான் மூலம். 1930-களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் தம் குக்கீகளுக்குக் கட்டியை நறுக்கித்தான் போட்டார். சில்லுகளாகவே விற்பனைக்கு வந்தது அந்தக் குக்கீ பிரபலமான பிறகுதான். எனக்கும் நறுக்கியதே பிடிக்கும். பெரிய துண்டு, சிறிய துண்டு, தூள் என்று எல்லாம் கலந்திருப்பதால் ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு விதம்.

கோகோ பட்டர் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். எங்கள் சமையலறை ஏப்ரல் மாதத்தில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடுகிறது. மேடையில் வைத்த சில்லுகள் ஒரே உருண்டையாகிவிடும். ஆகவே குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கட்டும், போடும் நேரத்தில் எடுத்தால் போதும். மாவோடு சேர்த்துக் கலக்காதீர்கள். அவை அடியில் இறங்கிவிடும். முதல் வாஃபிளில் ஒன்றும் இருக்காது, கடைசி வாஃபிளில் குவியலாக இருக்கும், பிள்ளைகளுக்குள் வழக்கு வரும். தட்டில் மாவை ஊற்றி, அதன் மேல் சில்லுகளைத் தூவி, அவற்றின் மீது இன்னொரு சிறு கரண்டி மாவை மூடினாற்போல் விட்டு மூடியைச் சாத்துங்கள். சாக்லேட் இரும்பைத் தொடவே கூடாது. தொட்டால் கருகும், கசக்கும், அடுத்த வாஃபிளிலும் அந்தக் கறுப்பு ஒட்டும். பால் சாக்லேட் இன்னும் சீக்கிரம் கருகிவிடும்.

மேக்கரின் விளக்கு பச்சையாக மாறியதும் ஊற்றாதீர்கள். இன்னும் இரண்டு நிமிடம் காயவிடுங்கள். முதல் வாஃபிளுக்குத் தட்டுகளில் தூரிகையால் எண்ணெய் தடவுங்கள். பிறகு ஆவியைப் பாருங்கள். மூடியின் ஓரங்களில் முதலில் புகைவண்டி மாதிரி ஆவி வரும், பிறகு மெலியும், கிட்டத்தட்ட நின்றுவிடும். அதுதான் வெந்ததற்கு அடையாளம். எங்கள் மேக்கரில் ஐந்து நிமிடம் ஆகிறது. ஆவி வருகிறபோதே ஆவல் தாங்காமல் திறந்தால் என்ன ஆகும் என்பதை முன்பே சொல்லிவிட்டேன். மூடியை லேசாகத் தூக்கும்போது இழுத்தால் விட்டுவிடுங்கள், இன்னும் ஒரு நிமிடம் வேண்டும் என்று பொருள்.

மின்வெட்டுக்குப் பயப்படுகிறவர்கள் அடுப்பில் வைக்கும் வார்ப்பை வாங்கலாம். அந்த வகைக்கு நியூயார்க் மாநிலத்து ட்ராய் நகரைச் சேர்ந்த கொர்னீலியஸ் ஸ்வார்ட்அவுட் 1869 ஆகஸ்ட் 24 அன்று காப்புரிமை பெற்றார். அந்த நாளை அமெரிக்கர்கள் இன்றும் வாஃபிள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். மாவு ஊற்றியதும் ஒருமுறை கவிழ்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

எடுத்த வாஃபிளைத் தட்டில் அடுக்கிவிடாதீர்கள். அடியில் வியர்த்து, இரண்டே நிமிடத்தில் நமத்துவிடும். கம்பி வலை இல்லாதவர்கள் வடை எண்ணெய் வடிக்கும் அரிகரண்டியில் சாய்த்து வைக்கலாம்.

முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்து, அதோடு கால் கப் தயிரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரும், ஆனால் மொறுமொறுப்பு ஒரு படி குறைவுதான். பொய் சொல்ல விரும்பவில்லை. கேழ்வரகு சேர்த்தே ஆக வேண்டும் என்றால் கோதுமையில் கால் பங்குக்கு மேல் மாற்றாதீர்கள். அதற்குப் பிணைப்பு கிடையாது, உதிரும்.

இது சத்தானதா என்ற கேள்விக்கு வருகிறேன். சில்லில் பாதி சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் 60 கிராமில் 30 கிராம். நாட்டுச் சர்க்கரை ஒரு 12 கிராம். எட்டாகப் பிரித்தால் ஒன்றுக்கு ஐந்து கிராமுக்குச் சற்று மேல், அதாவது ஒரு தேக்கரண்டியும் கொஞ்சமும். முழுத் தானியம், முட்டை, பால், தயிர் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஆனால் இதன் மேல் ஒரு மேசைக்கரண்டி தேனை ஊற்றினால் அதில் மட்டும் 17 கிராம் சர்க்கரை ஏறிவிடும். தேன் இயற்கையானது என்ற சமாதானம் அந்தக் கணக்கை மாற்றாது. கடைகளில் தாராளமாக ஊற்றும் ஹேசல்நட் சாக்லேட் விழுதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாக்லேட் உள்ளேயே இருக்கிறது, மேலே எதற்கு? நாங்கள் நறுக்கிய வாழைப்பழமும் கொஞ்சம் வேர்க்கடலை விழுதும் வைத்துக்கொள்கிறோம். பதினொரு மணி வரை மகளுக்குப் பசி எடுப்பதில்லை.

மிஞ்சியதை ஆறவைத்து, இடையிடையே வெண்ணெய்த் தாள் வைத்து உறைநிலைப் பெட்டியில் போட்டுவிடலாம். சூடாக்குவதற்கு டோஸ்டர் அல்லது சிறு தீயில் தோசைக்கல். மைக்ரோவேவ் வேண்டாம், செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். வாஃபிள் மேக்கரே இல்லை, இதற்காக ஒன்று வாங்கவும் மனமில்லை என்றால், இதே மாவைக் குழிப்பணியாரக் கல்லில் ஊற்றி, நடுவில் நான்கு சில்லுகளைப் புதைத்துத் திருப்பிப் போடுங்கள். பள்ளங்களின் மொறுமொறுப்பு கிடைக்காது. ஆனால் கடிக்கும்போது நடுவிலிருந்து உருகி வரும் சாக்லேட், வாஃபிளில்கூட அப்படி வருவதில்லை.

அத்தை மட்டும் இன்னமும் சாக்லேட் போட்டதைத் தொடுவதில்லை. அவருக்கென்று கடைசியில் ஒரு கரண்டி தோசை மாவை அதே மேக்கரில் ஊற்றி எடுக்கிறேன். இவ்வளவு முறுகலாக எங்கும் கிடைக்காத தோசை என்று சான்றிதழும் தந்திருக்கிறார். மேலே மிளகாய்ப் பொடியைத் தூவி, ஒவ்வொரு கட்டத்திலும் நல்லெண்ணெய் தேங்கி நிற்கும்படி ஸ்பூனால் பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொள்கிறார். கட்டம் போட்டது அதற்காகத்தானாம்.