ரோமலும் அரிசிக் கணக்கும்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின் தலைசிறந்த தளபதி, வட ஆப்பிரிக்காவில் போரிட்ட ஜெர்மானியர் ரோமல்தானே? சர்ச்சிலே அவரைப் புகழ்ந்தார். பெட்ரோல் வராததால்தானே தோற்றார்?

பதில்: நம்மை அடித்தவன் பெரிய ஆள் என்று சொல்லிக்கொள்வது, அடி வாங்கியவருக்கும் கொஞ்சம் வசதிதான். சர்ச்சில் பேச்சை விடுங்கள். பெட்ரோல் வராது என்று தெரிந்தே போனாரே, அதை யார் கணக்கில் எழுதுவது? 1942 ஜூனில் லிபியாவின் டோப்ருக் துறைமுகத்தைப் பிடித்தார், ஃபீல்டு மார்ஷல் ஆனார். அதோடு நிற்காமல் எகிப்துக்குள் பாய்ந்தார். அங்கே எல் அலமைனை எட்டியபோது, லிபியாவின் பெரிய துறைமுகமான திரிப்போலி 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால். வந்த பெட்ரோலில் நல்ல பங்கை, அதைச் சுமந்த லாரிகளே குடித்துவிட்டன.

கையிருப்பைப் பார்க்காமல் பாயும் இந்த வியாதி முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானியத் தளபதி முதாகுச்சி இருக்கிறார். 1944 மார்ச்சில் மூன்று டிவிஷன்களை, அதாவது மூன்று பெரும் படைப்பிரிவுகளை, பர்மாவிலிருந்து இந்தியாவின் இம்பால், கோஹிமா நோக்கி அனுப்பினார். கையில் சுமார் மூன்று வாரச் சாப்பாடு. தீர்ந்தால்? கூடவே மாடுகளை ஓட்டிப்போய் அடித்துத் தின்னலாம், அப்புறம் பிரிட்டிஷ் கிடங்குகள் கிடைத்துவிடும்! மாடுகள் வழியிலிருந்த சிந்த்வின் ஆற்றிலும் மலைச்சரிவிலும் செத்தொழிந்தன. கிடங்கும் கிடைக்கவில்லை. கோஹிமாவில் இருந்த டிவிஷன் தளபதி சாட்டோ அரிசி கேட்டுக் கேட்டு அலுத்து, உத்தரவை மீறிப் படையைத் திருப்பினார். மூன்று டிவிஷன் தளபதிகளையும் முதாகுச்சி பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பினார். என்னை விசாரியுங்கள் என்றார் சாட்டோ. அவருக்கு மனநிலை சரியில்லை என்று சொல்லி விசாரணையையே மூடிவிட்டார்கள். நடந்திருந்தால் அரிசிக் கணக்கும் வெளியே வந்திருக்குமே! செத்த ஜப்பானியரில் பெரும்பாலோர் பசிக்கும் நோய்க்கும் பலியானவர்கள்.

என் ஓட்டு, முதாகுச்சிக்கு எதிர்ப்பக்கம் நின்ற பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம்முக்கு. 1943-இல் அவர் படையில் ஒருவர் காயத்தோடு திரும்பினால், 120 பேர் நோயோடு திரும்பினார்கள். மலேரியா மாத்திரை ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தியால் சிப்பாய்கள் அதைத் துப்பினார்கள். ஸ்லிம் திடீர் திடீரென ரத்தப் பரிசோதனை நடத்தினார். மாத்திரை விழுங்கியவர்கள் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் சிப்பாயை அல்ல, அவனுடைய அதிகாரியை நீக்கினார். மூன்று பேர் போனதும் மற்ற முகாம்களில் மாத்திரை தானாக உள்ளே இறங்கியது. இம்பால் முற்றுகையின்போது விமானத்தில் சாப்பாடு வந்தது. கோஹிமாவுக்கு இவ்வளவு பெரிய படை வரும் என்று கணிக்கத் தவறினேன் என்று பிறகு அவரே எழுதினார்.

ரோமலுக்குத்தான் ஓட்டு என்றால் சரி, போடுங்கள். ஆனால் அலமைனிலிருந்து பின்வாங்கியபோது, அவரோடு சேர்ந்து போரிட்ட, வாகனம் இல்லாத இத்தாலியக் காலாட்படை பாலைவனத்தில் என்ன ஆனது என்பதையும் ஒருமுறை படித்துவிட்டுப் போடுங்கள்.