ஷெர்லாக் மாடியிலிருந்து குதித்தும் பிழைத்தது எப்படி? ரசிகர்கள் என்ன கண்டுபிடித்தார்கள்?

சேலத்திலிருந்து கேட்டவருக்கு: பிபிசியின் ‘ஷெர்லாக்’ துப்பறியும் தொடரின் 2ஆம் சீசன் கடைசி எபிசோடு 2012 ஜனவரி 15 அன்று வந்தது. விடை கிடைக்க 2014 ஜனவரி 1 வரை காத்திருப்பு. விடுவார்களா ரசிகர்கள்? ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தார்கள்.

முதலில் சிக்கியது குறுக்கே நின்ற சின்னக் கட்டடம். ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் முன்னால் போன பஸ் மறைகிற மாதிரி, விழுந்த இடம் கீழே நின்று பார்த்த நண்பர் ஜானுக்குத் தெரியவில்லை. அடுத்து ஜானை இடித்துத் தள்ளிய சைக்கிள்காரன், பக்கத்தில் நின்ற மூட்டை லாரி.

அருமையான ஊகம் ரப்பர் பந்துதான். அக்குளில் வைத்து இறுக்கினால் கைக்குப் போகும் தமனி நசுங்கி மணிக்கட்டில் நாடி மறையும். கழுத்தில் மறையாது! ஜான் பிடித்ததோ மணிக்கட்டை.

தொடரிலும் அதே பந்து, கூடவே ராட்சத காற்று மெத்தை. ஷெர்லாக் சொன்ன அந்த விளக்கத்தை, தொடரில் வரும் தடயவியல் நிபுணர் ஆண்டர்சனே நம்பவில்லை. ரசிகர்களில் பாதிப்பேர் எப்படி நம்புவார்கள்?