தனிம அட்டவணையில், அணு நிறை அதிகமுள்ள டெலூரியம், அயோடினுக்கு முன்னால் வருவது ஏன்?

நீங்கள் கேட்டது நியாயமான சந்தேகம். டெலூரியத்தின் அணு நிறை 127.6, அயோடினுடையது 126.9. நிறையை மட்டும் பார்த்தால் அயோடின்தான் முன்னால் நிற்க வேண்டும். அப்படி வைத்தால் அது கந்தகம், செலினியம் இருக்கும் தொகுதியில், அதாவது ஒத்த குணமுள்ளவை மேலிருந்து கீழாக நிற்கும் வரிசையில், போய் விழும். டெலூரியம், குளோரினுக்கும் புரோமினுக்கும் கீழே வந்துவிடும். இது எந்த வேதியியலாளருக்கும் பொறுக்காது. அயோடின் சோடியத்தோடு ஒன்றுக்கு ஒன்று சேர்ந்து சாப்பாட்டு உப்பின் சாயலில் ஓர் உப்பைத் தரும். டெலூரியமோ கந்தகத்தைப் போலவே இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைப் பிடித்துக்கொண்டு, நாற்றமடிக்கும் நச்சு வாயுவாகும்.

ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869-ல் அட்டவணையை வெளியிட்டபோது அணு எண் என்ற ஒன்றே கிடையாது. தெரிந்திருந்த 63 தனிமங்களை வரிசைப்படுத்த அவரிடம் இருந்தது அணு நிறைதான். ஆனாலும் இந்த இரண்டிலும் நிறையைத் தள்ளிவிட்டு, குணத்தைப் பார்த்து இடம் கொடுத்தார். டெலூரியத்துக்கு 128 என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். 1871 அட்டவணையில் இன்னும் துணிந்து 125 என்றே எழுதிவிட்டார். இடம் சரி, நிறையை அளந்தவர்கள்தான் தப்பு என்பது அவர் கட்சி.

இதே பிடிவாதம் கேலியத்தில் பலித்தது. 1875-ல் அதைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் லெகோக் த புவாபோத்ரான் அடர்த்தி 4.7 என்றார். பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீவ், 5.9 பக்கம் இருக்க வேண்டும், சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள் என்றார். அளந்தால் 5.9! டெலூரியத்தில் மட்டும் இந்த வித்தை எடுபடவில்லை. பிராகில் இருந்த அவருடைய நண்பர் பிரவ்னர் ஆண்டுக்கணக்கில் அதைச் சுத்திகரித்து எடைபோட்டும் கடைசியில் நின்றது 127.6 தான். போதாக்குறைக்கு 1894-ல் ஆர்கான் வந்து சேர்ந்தது. அதுவும் தனக்கு அடுத்த பொட்டாசியத்தைவிட கனம். கோபால்ட், நிக்கல் ஜோடியும் இதே கதைதான். மெண்டலீவ் 1907-ல் இறக்கும்வரை இதற்கு விடை கிடைக்கவில்லை.

விடை 1913-ல் வந்தது. மான்செஸ்டரில் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர், தனிமங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிர்களைப் படிகத்தில் பட்டுத் தெறிக்கவிட்டுப் புகைப்படத் தகட்டில் பதிந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்குப் படிப்படியாக, ஒரே அளவில் ஏறியது. அந்தப் படியின் எண்தான் அணு எண், அதாவது அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. கோபால்ட் 27, நிக்கல் 28 என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. காலியாக நின்ற படிகளை வைத்து, இன்னும் எந்தெந்த எண்ணில் தனிமம் கிடைக்க வேண்டும் என்றும் சொல்ல முடிந்தது. அவற்றில் 43-ஆம் எண்ணுக்குரிய தனிமம் கிடைக்க 1937 ஆயிற்று. மோஸ்லி அதற்கெல்லாம் இல்லை. முதல் உலகப் போரில் 1915 ஆகஸ்டில் கல்லிப்போலியில் சுடப்பட்டு இறந்தார், வயது 27.

ஆக, மெண்டலீவ் கொடுத்த இடம் சரி, சொன்ன காரணம்தான் தவறு. என்னைக் கேட்டால், இன்னும் கண்டுபிடிக்காத தனிமங்களுக்கு என்று அவர் விட்டுவைத்த, எல்லோரும் புகழும் அந்தக் காலி இடங்களைவிட, எண்ணை நம்பாமல் குணத்தை நம்பிய இந்தத் துணிச்சல்தான் பெரிது.

சரி, நிறை மட்டும் ஏன் இப்படி மாறுகிறது? அணுக்கருவில் புரோட்டான்களோடு இருந்து எடையைக் கூட்டும் நியூட்ரான்கள்தான் காரணம். ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறும் வகைகளை ஐசோடோப்பு என்பார்கள். டெலூரியத்துக்கு 52 புரோட்டான்கள். ஆனால் இயற்கையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 128, 130 என்ற கனமான ஐசோடோப்புகள். 53 புரோட்டான் உள்ள அயோடினுக்கு நிலையான ஐசோடோப்பு ஒன்றே ஒன்று, 127. ஆர்கான் விஷயம் இன்னும் வேடிக்கை. நம் காற்றில் உள்ள ஆர்கானில் 99 சதவீதத்துக்கு மேல் ஆர்கான்-40. பூமியின் பாறைகளில் இருக்கும் பொட்டாசியம்-40 சிதைந்து அதை உண்டாக்கியது. சூரியனில் இருப்பதோ பெரும்பாலும் லேசான ஆர்கான்-36. அங்கே நிறைப்படி அடுக்கினாலும் ஆர்கான் பொட்டாசியத்துக்கு முன்னால்தான் வரும்.