மணியின் காலில் இருந்த வளையம் எங்கே?

கேள்வி: சென்னை கொளத்தூரில் இருக்கிறேன். கடந்த மார்ச்சில் மாஞ்சா நூல் இறக்கையை அறுத்த நிலையில் ஒரு புறா எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஓரம் விழுந்து கிடந்தது. டாக்டரிடம் தூக்கிப்போய்த் தையல் போட்டு, கம்பும் ஊறவைத்த கடலையும் கொடுத்துத் தேற்றினேன். ‘மணி’ என்று கூப்பிட்டால் தோளில் வந்து உட்காரும். மாடிக்கு வரும் மாடப்புறா ஒன்றோடு ஜோடி சேர்ந்து, இரண்டு முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்துவிட்டது. நான் போட்ட ரீல்ஸைப் பார்த்துவிட்டு வியாசர்பாடியிலிருந்து ஒருவர் வந்து, “இது என் பந்தய ஹோமர் புறா, நாற்பதாயிரம் பெறும், கொடுக்காவிட்டால் போலீஸ்” என்கிறார். மாமியாரைக் கண்டபடி பேசினார். எட்டு மாதம் பிள்ளை மாதிரி வளர்த்த எனக்கு உரிமை கிடையாதா? திறந்துவிட்டு, அது யாரிடம் போகிறதோ அவருக்கே என்று முடித்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். மாமியார் அழுதது, வியாசர்பாடிக்காரர் செருப்போடு வீட்டுக்குள் வந்தது எல்லாம் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு வரி: “காலில் நீல வளையம் ஒன்று இருந்தது, கால் வீங்கியதால் தம்பி கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தான்.” உங்கள் வழக்கு அந்த வரிதான். மற்றதை ஓரமாக வையுங்கள்.

பந்தயப் புறா வளர்ப்பவர்கள் குஞ்சு பொரித்த பத்து நாளுக்குள் அந்த வளையத்தை மாட்டிவிடுவார்கள். பாதம் பெருத்த பிறகு மாட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது, வெட்டத்தான் வேண்டும். கிளப்பின் சுருக்கப் பெயர், வருடம், வரிசை எண் அதில் இருக்கும். பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆம் பிரிவு (பழைய ஐ.பி.சி. 403) கீழே கிடந்த பொருளை எடுத்துப் பாதுகாப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. உரிமையாளர் யாரென்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும், தேடாமல் தனதாக்கிக்கொண்டால்தான் குற்றம். சட்டத்தில் உள்ள உதாரணம் ஒன்று: வழியில் கிடந்த கடிதத்துக்குள் பணநோட்டு, கடிதத்தின் மேல் முகவரி. அந்த நோட்டை எடுத்துவைத்துக்கொண்டவர் குற்றவாளி. மணி காலில் இருந்தது அந்த முகவரி.

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். பழைய சட்டத்தில் வெறும் அபராதத்தோடு விட வழி இருந்தது. இப்போது குறைந்தபட்சமே ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு, கூடவே அபராதம். பறவைக்காக யாரும் உங்களை நாளைக்கே உள்ளே தள்ளப்போவதில்லை. ஆனால் “புறாதானே” என்று அலட்சியமாக இருக்கிற விஷயமும் இல்லை.

எட்டு மாதம் வளர்த்ததால் உரிமை வராது. காணாமல்போன பொருள் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து வழக்குப் போட மூன்று வருடம் சொந்தக்காரருக்கு அவகாசம் உண்டு. அவருக்குத் தெரிந்ததே உங்கள் ரீல்ஸைப் பார்த்துத்தான். திறந்துவிட்டுப் பார்ப்பது புறாக்காரர்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு, கோர்ட்டில் எடுபடாது. நடுவில் பைரி என்ற வேட்டைப்பறவை அடித்துப்போனால், கையில் இருந்ததைப் பறக்கவிட்டவர் நீங்கள்தான் என்று ஆகும்.

சரி, ஆட்கள் எங்கே மாட்டுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

முதலாவது, “பறந்துபோச்சு” என்ற பொய். சில வருடம் முன்பு வழிதவறி வந்த லேப்ரடார் ஒன்றை வைத்துக்கொண்ட ஒருவர் என்னிடம் வந்தார். சொந்தக்காரர் கேட்டு வந்ததும் “ஓடிப்போச்சு” என்று சொல்லிவிட்டிருந்தார். பொங்கலன்று அவர் மனைவி வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், கோலத்துக்குப் பக்கத்தில், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்த நாய். அதுவரை தகராறாக இருந்தது அன்றைக்கு நேர்மையின்மைக்குச் சாட்சியாக மாறிவிட்டது. அப்புறம் நான் வாதாட என்ன இருக்கிறது?

அந்தப் பயத்தில் ரீல்ஸை அழித்துவிடாதீர்கள். முதல் வீடியோவில் வளையம் தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாட்சியமாகக் கேட்கப்படும் என்று தெரிந்து மின்னணுப் பதிவை அழிப்பது தனிக் குற்றம். அவர் அதை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பார். அழித்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். கால் வீங்கியதால்தான் வெட்டினோம் என்பதற்கு டாக்டரின் சீட்டு இருந்தால், அதுதான் உங்களைக் காப்பாற்றும் காகிதம். முதலில் அதைத் தேடுங்கள்.

இறக்கையையும் வெட்டாதீர்கள். பறந்துவிடாமல் இருக்க இறகைக் கத்தரிப்பது சாதாரணம்தான். உரிமை கேட்டு ஒருவர் வந்துபோன பிறகு பந்தயப் புறாவின் இறகைக் கத்தரித்தால், பிராணியைப் பயனற்றதாக்கினார் என்று 325-ஆம் பிரிவைக் கொண்டுவருவார்கள். அதற்கு ஐந்து வருடம் வரை.

அதைவிட அதிகம் பேர் விழுகிற குழி ஸ்டேஷன். அவர் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான ரசீது) போட்டுக் கூப்பிடுவார்கள். “ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டுப் போங்கம்மா” என்று நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். வீட்டுக்குப் போனால் போதும் என்று, “தெரியாமல் எடுத்துவிட்டேன், இனி செய்யமாட்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் பிறகு நஷ்டஈட்டு நோட்டீஸோடு பின்னப்பட்டு வீட்டுக்கு வரும். “எடுத்தேன்” என்ற சொல்லே வேண்டாம். “காயத்தோடு கிடந்ததைப் பாதுகாத்தேன், உரிமையாளர் என்று சொல்பவரிடம் ஒப்படைக்கத் தயார்” என்று எழுதுங்கள், போதும்.

செலவைக் கேட்கலாமா? ஒப்பந்தச் சட்டம் 168-ஆம் பிரிவின்படி, பொருளைப் பாதுகாக்கவும் உரிமையாளரைக் கண்டுபிடிக்கவும் ஆன செலவு கிடைக்கும்வரை பொருளைத் தராமல் வைத்திருக்கலாம்; செலவுக்காக வழக்குப் போட முடியாது. ஆனால் நீங்கள் தேடவே இல்லையே. அதனால் டாக்டர் பில்லை மட்டும் காட்டுங்கள். பாசத்துக்கு விலை சேர்த்துக் கேட்டால், மிரட்டிப் பணம் பறிக்கிறார் என்று அவர் திருப்புவார்.

குஞ்சுகளும் சட்டப்படி அவருடையவை. ஒருவர் ஒப்படைத்த பசு கன்று போட்டால் கன்றையும் சேர்த்துத் திருப்ப வேண்டும் என்று அதே சட்டத்தின் 163-ஆம் பிரிவிலேயே உதாரணம் இருக்கிறது. ஆனால் மாடப்புறாவுக்குப் பிறந்த குஞ்சைப் பந்தயக்காரர் எவரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். பில் பணத்தை விட்டுக்கொடுத்து, குஞ்சுகளைக் கேளுங்கள். பெரும்பாலும் தந்துவிடுவார்.

ஆகவே சமாதானமாகப் போய்விடுங்கள். மாமியாரைத் திட்டியதற்குப் புகார் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அவரும் 314-ஐ எழுதிக்கொண்டு வருவார். கிளப் பதிவிலோ பழைய போட்டோவிலோ வளைய எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீடியோவில் உள்ளதோடு ஒத்துப்போனால் கொடுத்துவிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் எனக்கு எழுதுங்கள், அது வேறு கதை. கொடுக்கும்போது, “பறவையை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன், குஞ்சுகள் மீதோ வேறு எதன் மீதோ இனி உரிமை கோரமாட்டேன்” என்று அவர் கைப்பட எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு வாங்குங்கள். மணி இறக்கையை விரித்து அடிப்பதை அவர் எதிரிலேயே வீடியோ எடுங்கள். தம்பியின் டூல் பெட்டியில் வளையத் துண்டு கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்தால் ஒரு கவரில் போட்டு, அதையும் கொடுத்ததாக அந்தத் தாளிலேயே ஒரு வரி சேர்க்கவும்.