எபிரேய வேதத்தில் இரக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய ஏற்பாட்டின் கடவுள் தண்டிப்பவர், இரக்கம் என்பது புதிய ஏற்பாட்டோடுதான் வந்தது என்று எங்கள் ஊர்க் கூட்டமொன்றில் சொன்னார்கள். இது சரியா?
வாசகர், மாங்குளம்

பதில்: சரியல்ல. பழைய ஏற்பாடு என்று நாம் சொல்லும் எபிரேய வேதத்தின் யாத்திராகமம் நூலில் 32 முதல் 34 வரையான அதிகாரங்களைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். மோசே சீனாய் மலையில் இருக்கும்போதே, உடன்படிக்கையின் ஈரம் காயுமுன், மக்கள் தங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துப் பொன் கன்றுக்குட்டியைச் செய்வித்து வணங்குகிறார்கள். கட்டளைகள் எழுதிய கற்பலகைகள் உடைகின்றன, ஏறத்தாழ மூவாயிரம் பேர் கொல்லப்படுகிறார்கள். அந்தக் கடுமையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும், தாம் இரக்கமும் அருளும் உடையவர், சினங்கொள்ளத் தாமதிப்பவர் என்று ஆண்டவர் தம்மைப் பற்றித் தாமே அறிவிப்பது, புதிய கற்பலகைகளோடு மோசே மீண்டும் மலையேறிய அந்த வேளையில்தான். குற்றத்தைத் தண்டியாமல் விடுவதில்லை என்பதையும் அதே அறிவிப்பு சொல்கிறது. ஆனால் தண்டனை மூன்று, நான்கு தலைமுறைகளோடு நின்றுவிட, தயவோ ஆயிரம் தலைமுறைகளுக்கு நீள்கிறது.

இந்த அறிவிப்பைச் சங்கீதங்களும் நெகேமியாவும் யோவேலும் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கின்றன. நினிவே நகரை எச்சரிக்க அனுப்பப்பட்டும் போகாமல் ஓடிப்போன தீர்க்கதரிசி யோனாவோ அதையே முறைப்பாடாகச் சொல்கிறார். நினிவே அசீரியரின் மாநகரம். வட இஸ்ரவேல் அரசைக் கி.மு. 722 அளவில் அழித்தவர்கள் அந்த அசீரியரே. அப்படிப்பட்ட நகரம் மனந்திரும்பித் தப்பிக்கொண்டபோது, "நீர் இரக்கமுள்ளவர் என்று தெரிந்துதானே நான் ஓடிப்போனேன்" என்று யோனா கோபிக்கிறார். வலக்கை இடக்கை வேறுபாடு அறியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதரும், ஏராளமான மிருகங்களும் உள்ள நகரத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று ஆண்டவர் கேட்பதோடு நூல் முடிகிறது. பகைவனுக்கும் சேரும் இரக்கத்தை ஏற்பது எவ்வளவு கடினம் என்பது இந்த மண்ணில் வாழும் எவருக்கும் தெரியும். வேதமும் அதைத் தெரிந்தே யோனாவைப் பேச விடுகிறது.

என்னை இவற்றைவிட ஆழமாகத் தொடுபவை சட்டங்கள். ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது யாத்திராகமம் 22ஆம் அதிகாரம். அவன் வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான்? அவன் முறையிட்டால் நான் கேட்பேன், ஏனெனில் நான் இரக்கமுள்ளவர் என்று அங்கே ஆண்டவர் காரணமும் சொல்கிறார். நுண்கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும் வீடுகளை அறிந்த வன்னியில் இந்த வசனத்தைப் பிரசங்கங்களில் இன்னும் அதிகமாகக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். உபாகமம் 24ஆம் அதிகாரமோ, அறுவடையில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது என்கிறது. அரிவி வெட்டு முடிந்த வயலில் கதிர் பொறுக்கியவர்களை நம் மூத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ரூத்தும் அப்படித்தான் பெத்லகேமின் வாற்கோதுமை வயலுக்கு வருகிறாள். அவள் மோவாபியப் பெண், விதவை. வயலின் சொந்தக்காரரான போவாஸ், வெட்டிய கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடுங்கள், அவள் பொறுக்கும்போது அதட்டாதீர்கள் என்று வேலையாட்களுக்குச் சொல்கிறார். சட்டம் கேட்டதற்கு மேல் அவர் கொடுத்த அந்தச் சில கதிர்களில், அருள் என்றால் என்ன என்பதை நான் பார்க்கிறேன்.

கேள்வி: 2009இல் பிள்ளையை இழந்தவள் நான். கடவுள் இரக்கமுள்ளவர் என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது, கடவுளிடமும் வருகிறது. இது பாவமா?
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பாவம் இல்லை, அம்மா. பாபிலோனியர் எருசலேமை அழித்தபின் எழுந்த புலம்பல் நூல் உங்களுக்குத் துணை நிற்கும். தானியம் எங்கே என்று தாய்மாரிடம் கேட்டுக்கொண்டே அவர்கள் மடியில் பிள்ளைகள் உயிர்விடுவதை அது எழுதி வைத்திருக்கிறது. நான் கூப்பிட்டாலும் என் மன்றாட்டுக்கு வழியை அடைத்துவிட்டார், என்னையே இலக்காக வைத்து வில்லை வளைத்தார் என்று கடவுளை நேராகவே குற்றஞ்சாட்டுகிறது. இவ்வளவும் வேதத்துக்குள்தான் இருக்கிறது. எவரும் அதை நீக்கவில்லை.

அவருடைய இரக்கம் காலைதோறும் புதிதாயிருக்கிறது என்ற, எல்லோரும் எடுத்துச் சொல்லும் வசனம் அந்த நூலின் மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. அதன் பின்னும் புலம்பல் ஓய்வதில்லை. எங்களை முற்றாக வெறுத்துவிட்டீரோ என்ற முறையீட்டோடுதான் ஐந்தாம் அதிகாரம் முடிகிறது. ஆகவே அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உங்களிடம் வருகிறவர்களை, ஐந்து அதிகாரங்களையும் உங்களோடு இருந்து வாசிக்கச் சொல்லுங்கள்.